வில்லுக்கத்திக்குள் ஓர் ஓலைத் துண்டு

நல்லெண்ணெயும் பித்தளையும் உள்ளங்கை வியர்வையும் ஒன்றாகச் சேர்ந்தால் இலேசாகப் புளித்த மணம் ஒன்று வரும். எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது பதினொரு நாட்கள் ஒரே அறைக்குள் இருக்க நேர்ந்தது. அந்தப் பதினொரு நாளும் என் வலது கையில் அந்த மணம் ஊறிக் கிடந்தது. சோற்றைக் குழைத்து வாயருகே கொண்டுபோனால் கறியின் வாசத்தை முந்திக்கொண்டு அதுதான் மூக்கில் ஏறும். இப்போது பருத்தித்துறையில் தையல் இயந்திரம் திருத்துகிற சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். "பொம்பிளையாய் இருந்துகொண்டு உந்த வேலையை ஆரிட்டைப் பழகினனீங்கள்?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் ஒரு கத்தியின் கதை முழுவதையும் சொல்ல வேண்டிவரும். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்து நிற்பவர்களுக்கு அவ்வளவு பொறுமை இராது. உங்களுக்கு இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

அது என் மாமாவின் கத்தி. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி, கப்பல்காரர். வடமராட்சிக் கரையோரத்தில் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு, அதாவது ஒரு தெருவுக்கு, இரண்டு பேராவது கப்பலில் இருந்த காலம் அது. ஆகையால் வெளிநாட்டுச் சவர்க்காரமும் வெளிநாட்டுப் போர்வையும் எங்களுக்குப் பெரிய புதினமாக இருக்கவில்லை. ஆனால் அப்படியொரு கத்தி வேறு எந்த வீட்டிலும் இல்லை. ஜேர்மனியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கியதாக அவர் சொல்வார். இருபுறமும் மான்கொம்புப் பிடி, அதற்குள்ளே பித்தளைத் தகடுகள், தகடுகளுக்கு நடுவே மொத்தம் ஆறு அலகுகள். பெரிய அலகு, சின்ன அலகு, தகரப் பேணி வெட்டுகிறது, சோடா மூடி திறக்கிறது, தோல் துளைக்கிற ஊசி, கடைசியாகப் பன்றி வால் மாதிரிச் சுருண்ட ஒரு திருகு. அந்தத் திருகு எதற்கென்று எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் தக்கை அடைத்த போத்தல் என்று இருந்தது வேப்பெண்ணெய்ப் போத்தல் ஒன்றுதான். அதை அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு பல்லாலேயே கடித்துத் திறந்துவிடுவார்.

மடக்குக் கத்தியை எங்கள் பக்கத்தில் "வில்லுக்கத்தி" என்போம். முதுகில் இருக்கும் எஃகு வில்தான் விரித்த அலகை விரித்த இடத்திலும் மடக்கிய அலகை மடக்கிய இடத்திலும் பிடித்து வைத்திருக்கும். வில் நல்லதென்றால் அலகு மடங்கி உட்காரும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். மாமாவின் கத்தியில் ஒவ்வொரு அலகுக்கும் ஒவ்வொரு விதமான 'டக்' இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சத்தம் எந்த அலகினுடையது என்று என்னால் சொல்ல முடியும், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எண்பத்துமூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் மாமா மறுபடியும் கப்பலேறப் புறப்பட்டபோது எனக்குப் பத்து வயது. வாசல் படலையடியில் நின்று, ஊரே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். பிள்ளைகள் இல்லாத அவருக்கும் நான் என்றால் உயிர். போன கால் திரும்பி வந்து, காற்சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தா, இதை வைச்சிரு பிள்ளை. நான் வந்து வாங்குவன். அப்ப வாங்குறதுக்கெண்டாலும் நான் வரத்தானே வேணும்?"

ஒரு வருடம் என்று போனவர் அவர். ஆனால் அவர் போன சில மாதங்களில் ஆடிக் கலவரம் வந்து நாடு வேறு நாடாகிவிட்டது. ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு தடவையும் அம்மாவும் மாமியும் "இப்ப வராதேங்கோ, பாதையை நம்பேலாது" என்று எழுதினார்கள். அவரும் இன்னொரு கப்பலில் ஏறினார். இப்படியே மூன்று வருடம் போயிற்று. அவருடைய ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி எனக்கானது. "கத்தி எப்படி?" என்று இரண்டே சொல் இருக்கும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் எழுதுவதை நான் ஒரு கடமையாகவே எடுத்துக்கொண்டேன்.

கடற்கரை வீட்டில் இரும்பை வைத்துப் பார்ப்பது இலேசான காரியமல்ல. துடைத்து வைத்த அலகில் மறுநாள் காலையில் "கறள்" மஞ்சளாகப் பூத்திருக்கும். அடுப்புச் சாம்பலையும் தேசிக்காய்ப் பாதியையும் கொண்டு அதைத் தேய்த்தெடுப்பேன். மூட்டுக்குள் மணல் போனால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அம்மாவின் தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு களவாக எடுத்து விடுவேன். பேணி வெட்டுகிற அலகு பக்கத்து அலகோடு உரசிக்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. லாம்புச் சிமினியின் கரியை அலகில் பூசி மடக்கி விரித்தேன். கரி அழிந்த இடத்தில் கடுகளவு மேடு இருந்தது. அதைக் கல்லில் மெல்லத் தேய்க்க, உரசல் நின்றது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதால் அன்றைக்கு நான் நிலத்தில் நடக்கவில்லை.

ஆனால் என் அக்கறையே ஒரு வில்லங்கத்தைக் கொண்டுவந்தது. வாரம் தவறாமல் தீட்டித் தீட்டி, பெரிய அலகின் நுனியை நான் சிறிது சிறிதாக முதுகுப் பக்கம் ஏற்றிவிட்டிருந்தேன். அதனால் கத்தியை மடக்கினாலும் நுனி மாத்திரம் உமியளவு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. பாவாடைப் பையில் போட்டால் பையைக் கிழித்தது. மாமா வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை காலை நான் பெரியபிள்ளையாகிவிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீர் வார்க்கும் நாள் வரையில் பெண்பிள்ளை தனி அறையில் இருக்க வேண்டும், ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது, கெட்டது எதுவும் அண்டாமல் இரும்பு ஒன்று எந்நேரமும் அவள் கையிலோ தலைமாட்டிலோ இருக்க வேண்டும். பெரும்பாலும் பாக்குவெட்டியைத்தான் கொடுப்பார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு பாக்குவெட்டி, அது மாமியினுடையது. மாமாவின் மனைவியான மாமி அடுத்த வளவில் இருந்தார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் பகல் முழுவதும் எங்கள் வீட்டில்தான். பேச்சுக்குப் பேச்சு வெற்றிலை வேண்டும் அவருக்கு.

"உதைக் குடுத்திட்டு நான் பதினொரு நாளும் பாக்கைப் பல்லாலையே கடிக்கிறது, மச்சாள்?" என்று அம்மாவைக் கேட்டார்.

"என்ரை கத்தி இருக்குத்தானே" என்றேன் நான் அறைக்குள்ளிருந்து.

அம்மாவுக்குச் சந்தேகம். வெளிநாட்டுச் சாமான், மினுங்குகிறது, அது சரியான இரும்புதானா? மாமி கத்தியை வாங்கி, ஒவ்வொரு அலகாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசியின் அடியில் என் சாம்பலுக்கும் தேசிக்காய்க்கும் தப்பிய ஒரு புள்ளிக் கறள் இருந்தது.

"கறள் பிடிச்சிருக்கு. அப்ப இரும்புதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மூன்று வருடமாக நான் சண்டை பிடித்த கறள் அன்றைக்கு எனக்காகச் சாட்சி சொன்னது.

அறைக்குள் எனக்கென்று ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு பீங்கான் கோப்பை, ஒரு தட்டு, வெக்கைக்கு ஒரு பனையோலை விசிறி. விடிந்ததும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உளுத்தங்களி, மத்தியானம் நல்லெண்ணெயில் மிதக்கிற கத்தரிக்காய். மாமி முன்னால் உட்கார்ந்து கடைசி வாய் வரை பார்த்துக்கொண்டிருப்பார். "குடியடி, இடுப்பெலும்புக்கு நல்லது" என்பார். அவர் திரும்புகிற நேரம் பார்த்து, நல்லெண்ணெயில் சில சொட்டுகளைக் கத்தியின் மூட்டுக்கும் கொடுத்துவிடுவேன். நல்லெண்ணெய் காய்ந்தால் பிசினாகிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தையல் இயந்திரத்துக்கு நல்லெண்ணெய் விட்டுவிட்டு இறுகிப்போச்சு என்று வருகிறவர்களை நான் ஏசுவதில்லை.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, கொழும்பிலிருந்து தந்தி வந்தது. மாமா வந்து இறங்கிவிட்டார், புதன்கிழமை வீட்டுக்கு வருகிறார். நான் பெரியபிள்ளையான சங்கதி அவருக்குத் தெரியாது; அவராகவே புறப்பட்டு வந்திருக்கிறார். தாய்மாமன் தேங்காய் உடைக்க வேண்டிய சடங்குக்குத் தாய்மாமனே கப்பலிலிருந்து வந்து இறங்குகிறார் என்றால் வீட்டுக்காரருக்குக் கேட்கவா வேண்டும்! அம்மா அழுதார், சிரித்தார். மாமி பாக்கு வெட்டினார். அடுத்த அறையிலிருந்து 'கறுக், கறுக்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

எனக்குத்தான் தலைக்குமேல் வேலை வந்துவிட்டது. புதன்கிழமைக்குள் அந்த நுனியை உள்ளே போகச் செய்ய வேண்டும். அலகின் அடியில், கூர் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சின்னக் குமிழ் இருக்கும். நான் அதற்குக் "குதிக்கால்" என்று பெயர் வைத்திருந்தேன். மடக்கும்போது குதிக்கால்தான் வில்லின்மேல் போய் உட்காரும்; அதனால் கூர் வில்லில் முட்டாமல் தப்பும். குதிக்காலைக் கொஞ்சம் குறைத்தால் அலகு முழுவதும் கொஞ்சம் கீழே இறங்கும், நுனியும் உள்ளே போய்விடும். கணக்குச் சரி. அறைக்குள் அரம் இல்லை. ஆனால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அதன் அடியில் மினுக்கம் பூசாத வளையம் ஒன்று சொரசொரவென்று இருக்கும், அது இரும்பைத் தின்னும். செவ்வாய்க்கிழமை பகல் முழுவதும் கோப்பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தேய்த்தேன். நுனி பாதி இறங்கியது. புதன்கிழமை காலையிலும் தேய்த்தேன். நுனி முழுதாக மறைந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம், பத்துத் தேய்ப்பு, மாமா விரலால் தடவிப் பார்த்தாலும் தட்டுப்படக் கூடாது என்று நினைத்தேன்.

மடக்கினேன். 'டக்' வரவில்லை. 'டிக்' என்று மெல்லிய, கெட்ட சத்தம் ஒன்று வந்தது. விரித்துப் பார்த்தால் கூரின் நடுவில் எறும்பு கடித்த மாதிரி ஒரு பல் விழுந்திருந்தது. குதிக்கால் அளவுக்கு மேல் தேய்ந்து, கூர் நேரே போய் வில்லில் குத்தியிருக்கிறது. தேய்த்ததை மறுபடி ஒட்ட முடியாது. நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு என்ன பதில் சொல்வது?

அன்றைக்கு மாமா வரவில்லை.

வியாழக்கிழமையும் வரவில்லை. இதற்கிடையில் கத்தியோடு எனக்கு இன்னொரு சோதனை. விரித்த கத்தியை வீட்டில் வைக்கக் கூடாது, சண்டை வரும் என்பது அம்மாவின் நம்பிக்கை. நான் மடக்கப் பயந்து விரித்தபடி தலைமாட்டில் வைப்பேன், அம்மா உள்ளே வரும்போதெல்லாம் "மடக்கு பிள்ளை, மடக்கு! நல்ல நாளிலை உப்பிடி விரிச்சு வைக்கிறதே?" என்பார். அவர் கண்முன்னால் மடக்குவேன். 'டிக்'. பல் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது இது நடந்தது. என் கையாலேயே மாமாவின் கத்தியைக் கொன்றுகொண்டிருக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா சந்தியிலிருந்து வந்தார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரான அவருக்கு ஊர்ச் செய்தியெல்லாம் கடையடியிலேயே கிடைத்துவிடும். முற்றத்தில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது, பிறகு அவருடைய தணிந்த குரல்.

"ரெயில் ஓடேல்லையாம். வவுனியாவுக்கு இங்காலை பஸ்ஸை மறிச்சு ஆக்களை இறக்கினவங்களாம். எத்தினை பேர், ஆரார் எண்டு ஒண்டும் தெரியேல்லை."

"அவன் அதிலை வந்திருக்க மாட்டான்" என்றார் அம்மா.

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றார் அப்பா. அவர் அப்படி நினைக்கவில்லை என்பது கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரிந்தது. அன்று பின்னேரத்திலிருந்து மாமியின் பாக்குவெட்டிச் சத்தம் நின்றுபோயிற்று. மறுநாள் உளுத்தங்களி கொண்டுவந்த மாமியின் வாய் வெளிறிக் கிடந்தது. நான் சாப்பிட்டேனா இல்லையா என்றுகூட அவர் பார்க்கவில்லை.

பதின்மூன்று வயதுப் புத்தி எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வந்து வாங்குவேன் என்று சொல்லிக் கொடுத்த கத்தி. அதில் பல் விழுந்தது புதன்கிழமை. அவர் வராமல் போனதும் புதன்கிழமை. எனக்குக் காவலாக இருக்க வேண்டிய இரும்பை நானே கெடுத்துவிட்டேன், அதனால்தான் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் மாமி என்னை இனிப் பார்க்கவே மாட்டார் என்று பயந்தேன். வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கத்தியைத் திருத்துவது ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தேன்.

குதிக்காலை வளர்க்க முடியாது. ஆனால் அது வந்து உட்காரும் இடத்தை உயர்த்தலாம் அல்லவா? விசிறியின் ஓரத்திலிருந்து ஓலையில் ஒரு துண்டு கிழித்தேன். இரண்டாக மடித்து, கத்தியின் ஊசியாலேயே தள்ளி, வில்லின்மேல் குதிக்கால் வந்து இருக்கும் இடத்தில் செருகினேன். மடக்கினால் நுனி பழையபடி வெளியே வந்தது. கூடிப்போயிற்று. மடிக்காமல் ஒற்றையாக வைத்தேன். கூருக்கு லாம்புக் கரி பூசி மடக்கி விரித்தேன். வில்லில் தலைமயிரளவு கரிக்கோடு விழுந்திருந்தது. இன்னும் முட்டுகிறது. அப்போதுதான் ஓலை நரம்பின் நினைவு வந்தது. நரம்போடு சேர்த்து மெல்லியதாக ஒரு நறுக்கு வெட்டினால் ஒற்றை ஓலையைவிடத் தடிப்பு, இரட்டையைவிட மெல்லிசு. வெட்டிச் செருகினேன். கரி பூசினேன். மடக்கினேன்.

'டக்.'

விரித்துப் பார்த்தேன், வில்லில் கரி இல்லை. நுனியை விரலால் தடவினேன், தட்டுப்படவில்லை. பதினைந்து இருபது தடவை மடக்கி விரித்தேன். கூரில் விழுந்த பல்லைக் கோப்பையில் தீட்டித் தீட்டி முக்கால்வாசி போக்கிவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் மாமா வருவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

நான் ஓலையைச் செருகினேன், அவர் படலையைத் திறந்தார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மை அப்படியில்லை. சனிக்கிழமை அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. கத்தி புதிது போல் மடங்குகிறது, மாமாவைக் காணவில்லை. அதுவரைக்கும் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைத் திருத்தவும் ஒரு வழி இருந்தது. இப்போது என் கையில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஒரு நாளை நான் அதற்குப் பிறகு எத்தனையோ இடப்பெயர்வுகளில்கூட அனுபவிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குத் தண்ணீர்வார்ப்பு வைத்திருந்தார்கள். தள்ளிவைக்கலாமா என்று அப்பா கேட்டார். அம்மாவும் சரி என்று சொல்லப் போனார். அன்றைக்குத்தான் மாமி வாய் திறந்தார்.

"ஒருத்தரும் ஒண்டும் தள்ளிவைக்க வேண்டாம். அவர் வருவார். வராட்டி நானே தேங்காயை உடைக்கிறன்."

திங்கட்கிழமை மத்தியானம் படலை திறக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து அம்மா சத்தம் போட்டார். என்ன மாதிரிச் சத்தம் அது, நல்லதா கெட்டதா? ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதையெல்லாம் மறந்து யன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். தாடியும் அழுக்குச் சட்டையுமாக ஓர் ஆள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் பெட்டி இல்லை, பை இல்லை. இரண்டு கையாலும் ஒரு பெரிய பூசணிக்காயை அணைத்துப் பிடித்திருந்தார்.

மாமா!

நடந்தது இவ்வளவுதான். மறிக்கப்பட்ட பஸ்ஸுக்கு முந்திய நாள் பஸ்ஸில் அவர் வவுனியா வந்திருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டில் நான்கைந்து நாள் தங்கவைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். பெட்டியை அவர்களிடமே விட்டுவிட்டு, கொடிகாமம் சந்தைக்குப் பூசணி ஏற்றிவந்த லொறி ஒன்றில் காய்களுக்கு மேல் ஏறி வந்து இறங்கியிருக்கிறார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்று லொறிக்காரர் ஒரு காயைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். கொடிகாமத்திலிருந்து யாரோ ஒருவருடைய சைக்கிள் கரியரில் காயும் அவருமாக வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெட்டியும் ஒரு மாதம் கழித்து, ஒரு சாமானும் குறையாமல், வீடு தேடி வந்தது.

மாமி அழவில்லை. பூசணிக்காயை வாங்கிக் கீழே வைத்தார். "மெலிஞ்சு போனியள்" என்றார். சற்று நேரத்தில் அடுத்த அறையிலிருந்து 'கறுக், கறுக்' என்று பாக்கு வெட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது, நின்றபாடில்லை.

மாமா என் அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"எங்கடை பெரியபிள்ளை என்ன செய்யிறா? கத்தி எப்பிடி?"

மூன்று வருடமாகக் கடிதத்தில் வந்த கேள்வி. கதவுக்கு இந்தப் பக்கம் விம்மிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தீட்டியது, தேய்த்தது, பல் விழுந்தது, அதனால்தான் அவர் வரவில்லை என்று நினைத்தது.

"அட விசரி" என்றார். "பஸ் ஓடாததுக்குக் கத்தி என்ன செய்யும்? முதல்லை என்னைக் கிணத்தடிக்கு விடுங்கோ. ஆறு நாளாய்க் குளிக்கேல்லை, உனக்கு அங்கை மணக்கேல்லையே?"

மறுநாள் அவரே தேங்காய் உடைத்தார், மாமி தண்ணீர் வார்த்தார். சந்தடி அடங்கிய பிறகு, பட்டுப் பாவாடையோடு நான் இருந்த இடத்துக்கு வந்து கத்தியைக் கேட்டார். ஒவ்வொரு அலகாக விரித்து மடக்கினார். பெரிய அலகை மாத்திரம் மூன்று தடவை காதருகே வைத்து மடக்கிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்து ஓலைத் துண்டைக் கண்டுபிடித்தார்.

"உது ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப இனி இது உன்ரை கத்திதான். நான் திருப்பி வாங்கேல்லை. நீயே வைச்சிரு."

மூன்று வருடமாக நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டது இந்த ஒரு சொல்லுக்குத்தான். கை நீண்டுவிட்டது. ஆனால் நீண்ட கை கத்தியை எடுக்கவில்லை, அவர் பக்கமாகத் தள்ளியது.

"இல்லை மாமா, நீங்கள் கொண்டு போங்கோ. திரும்பி வரேக்கை கொண்டுவந்து தாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மாமியைப் பார்த்தார். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். மாமா கத்தியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சில மாதங்களில் மறுபடியும் கப்பலுக்குப் போனவர் இரண்டு வருடம் கழித்து வந்தார். இந்தத் தடவை படலையடியில் குற்றவாளி மாதிரி நின்றார். திரும்பி வரும் வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் சட்டைப் பையைச் சோதித்துக் கத்தியை வாங்கிக் குப்பைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டார்களாம். கெஞ்சிப் பார்த்தாராம், தரவில்லையாம். "கத்தி போயிட்டுது பிள்ளை" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்குத் துளிகூடத் துக்கம் வரவில்லை. அவருடைய தலைமுதல் கால்வரை பார்த்தேன், ஒரு குறையுமில்லாமல் முழு ஆளாக நின்றார். "போனால் போகட்டும் மாமா, நீங்கள் வந்திட்டியள்தானே" என்றேன். அதோடு அவர் கப்பலையும் விட்டுவிட்டார்.

இன்றைக்கு அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. என் வீட்டுக்குப் பின்னால்தான் அவரும் மாமியும் இருக்கிறார்கள். காது மந்தம், மற்றபடி சுகம். நான் இருந்த அறை இப்போது குளியலறையாகிவிட்டது. இப்போதெல்லாம் சாமத்தியவீட்டுச் சடங்கு என்றால் மண்டபமும் வீடியோக்காரரும்தான். இரும்பு கொடுக்கிறார்களா என்று நான் விசாரிப்பதில்லை. லாம்புச் சிமினிக் கரி வேண்டுமென்றால் ஊரெல்லாம் தேட வேண்டும். பத்து அலகு, பன்னிரண்டு அலகு வைத்த கத்திகள் கடையில் தொங்குகின்றன. எடுத்து ஒரு தடவை மடக்கிப் பார்ப்பேன், சத்தம் சரியில்லை என்றால் கொழுவிவிட்டு வந்துவிடுவேன். இவற்றில் எதை இழந்தாலும் பெரிதாக ஏங்குகிற ஆள் நானில்லை.

ஆனால் இல்லாமல் போன ஒன்றைப் பற்றி மாத்திரம் எழுதியாக வேண்டும். என் மகன் கொழும்பில் படிக்கிறான். விடுமுறைக்குப் பகல் பஸ்ஸில் வருவான். போன மாதம் வந்தபோது, "அம்மா, வவுனியாவிலை பஸ் பழுதாய்ப் போச்சு, பிந்தித்தான் வருவன்" என்று தொலைபேசியில் சொன்னான். வவுனியா என்ற சொல்லைக் கேட்டும் அந்தப் பழைய பயம் எனக்கு வரவில்லை. "சரி, வா" என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன்.